வார்னிஷ் அடுப்பில் வைத்த கிட்டார்

எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. அதிலும் வரலாறு வாத்தியார் கேள்வி கேட்கும்போதெல்லாம் முன் பெஞ்சுக்காரனின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து தப்பித்தவன். இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி ரசம் கேட்க வாய் வராமல், மோர் வருகிற வரைக்கும் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள். அப்படிப்பட்டவன் கிட்டாரின் சரித்திரத்தைச் சொல்லப் புறப்பட்டிருக்கிறேன். தப்பிருந்தால் மனசுக்குள் திட்டிக்கொள்ளுங்கள். நேரில் சொன்னால் நான் ஓடிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் சின்ன மகளுக்குக் கூரியரில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. அவள் பிளேடால் டேப்பைக் கிழித்ததும் ஒரு வாசம் கிளம்பியது. புது மரமும் வார்னிஷும் கலந்த வாசம். நான் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கை தானாக நின்றுவிட்டது. அவள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, போனைப் பார்த்து, இது ஸ்பெயின் நாட்டில் பிறந்ததாம் என்று அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு எப்படி வாய் வந்ததென்று தெரியவில்லை. "ஸ்பெயினுக்கே அது வேற ஊர்ல இருந்து போனதுதான் சாமி" என்றேன்.

என் மனைவி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டாள். கம்பெனியில் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கக் கிளம்பிவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே பால் இருந்தது. அங்கே சொல்லாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். கிணற்று மோட்டாருக்குள் தாமிரக் கம்பியைச் சுருள் சுருளாக வைத்து, நூல் போட்டுக் கட்டி, வார்னிஷில் முக்கி, அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பது எங்கள் வேலை. அடுப்பு என்றால் விறகு அடுப்பு இல்லை. பீரோ அளவுக்கு இருக்கும் கரண்டு அடுப்பு. வார்னிஷ் காய்வதற்கு உள்ளே மோட்டாரை வரிசையாக அடுக்கி வைப்போம். அந்த வாசம் சட்டையில், தலைமுடியில், டிபன் பாக்ஸில் எல்லாம் ஏறிவிடும். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "வைண்டிங்குங்களா?" என்று கேட்பார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

எங்கள் செக்‌ஷனுக்குப் போர்மேன் பழனிச்சாமி அண்ணன். உலகத்தில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, நாமளே செஞ்சுபோடலாம்" என்பார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரே அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கினால், அதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கழற்றிப் பார்க்கிற ஊர். கடையில் கிடைக்கிற பொருளையும் வீட்டுப் பின்னால் லேத்து போட்டுக் கடைந்துகொண்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். பழனிச்சாமி அண்ணன் வீட்டில் மாவாட்டும் கல்லுக்கு மோட்டார் இருந்தது, ஊஞ்சலுக்கும் மோட்டார் இருந்தது. ஊஞ்சலில் அவருடைய மாமியார் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்தார்.

அடுத்து சரோஜாக்கா. மெல்லிசுக் கம்பி சுற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பேசிக்கொண்டே சுற்றுவார், திட்டிக்கொண்டே சுற்றுவார், கம்பி மட்டும் அறாது. வார்னிஷுக்கும் அடுப்புக்கும் காதர். கோட்டைமேட்டுக்காரன், என் வயது, எப்போதும் தோளில் ஒரு துண்டு.

இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவன் ஸ்டான்லி. வால்பாறை எஸ்டேட்டில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை, அம்மா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயா. அவன் சேர்ந்து கொஞ்ச நாளில் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது, கம்பளியில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நேராகச் செக்‌ஷனுக்கே வந்துவிட்டான். கொண்டை ஊசி வளைவெல்லாம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். பக்கத்துச் சீட்டு அம்மா, கைக்குழந்தை என்று நினைத்து, முகத்தை மூடாதே, மூச்சு முட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்களாம். ஆழியாறு செக்போஸ்ட்டில் கம்பளியைப் பிரித்துக் காட்டச் சொன்னபோதுதான் அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அதற்கப்புறம் பேசவே இல்லையாம்.

உள்ளே இருந்தது கிட்டார். எஸ்டேட் ஆஸ்பத்திரியை விட்டு மாற்றலாகிப் போன டாக்டரம்மா ஒருவர் அவன் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அவன் அம்மா அதை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் மாட்டி, அதன் மேல் ஜெபமாலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் எடுத்துக் கற்றுக்கொண்டான். மாதா கோயில் பாட்டுக்காரர்களிடம் பாதி, ரேடியோவிடம் பாதி.

பத்து மணி டீ வந்ததும் அவன் அதை எடுத்து மெதுவாக வாசிப்பான். மெல்லிய சத்தம். லேத்து செக்‌ஷனில் மெஷின் நிற்கிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கேட்கும். ஏரோபிளேன் போனால் அதுவும் போச்சு, ஏர்போர்ட் பக்கத்திலேயே இருந்தது.

கிட்டாரின் கதையை அவன் அந்த டீ நேரங்களிலும் சாப்பாட்டு நேரங்களிலும்தான் சொன்னான். பாதி அவன் சொன்னது, பாதி நான் பிற்பாடு அங்கே இங்கே படித்தது. இத்தனை வருஷத்தில் இரண்டும் கம்பியும் வார்னிஷும் மாதிரி ஒட்டிப்போய்விட்டன, பிரிக்க வரவில்லை.

துருக்கிப் பக்கம் ஒரு பழைய பாறைச் சிற்பத்தில், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே, ஒருவன் நீளக் கழுத்தும் இடுப்பு வளைவும் உள்ள ஒரு வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறானாம். அது கிட்டாருக்குக் கொள்ளுத்தாத்தாவா, பக்கத்து வீட்டுக்காரனா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். பிறகு அரபு நாட்டுக்காரர்கள் பேரிக்காயை நெடுக்காகப் பிளந்த மாதிரி வயிறு உள்ள ஊது என்கிற வாத்தியத்தை ஸ்பெயினுக்குக் கொண்டு போனார்கள். இந்த இடத்தில் காதர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்ப, எங்காளுக கொண்டு போனதுங்களா?"

அரபு நாட்டை அவன் காலண்டர் படத்தில்தான் பார்த்திருந்தான். ஆனால் அன்றிலிருந்து கிட்டாரைத் தினமும் தன் துண்டால் துடைத்து வைக்கிற பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். பழனிச்சாமி அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. இங்கிருந்து வீணைதான் அங்கே போய் இளைத்துக் கிட்டார் ஆகிவிட்டது என்பது அவர் கட்சி. வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

ஸ்பெயின்காரர்கள் அந்தப் பேரிக்காய் வயிற்றைத் தட்டையாக்கி, இடுப்பு வைத்துக்கொண்டார்கள். முதலில் நாலு ஜோடிக் கம்பி, பிறகு அஞ்சு ஜோடி. ஒரு ஜோடிக்கு ஒரு விரல். கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்னால்தான் ஜோடி பிரிந்து ஆறு தனிக் கம்பி ஆனது. கம்பி என்று வாய் சொல்கிறதே தவிர, அது ஆட்டுக் குடலை முறுக்கிக் காயவைத்தது. விரல் வைக்கிற கட்டைகூட அந்தக் காலத்தில் குடலைச் சுற்றிக் கட்டிய முடிச்சுதான். இதைச் சொன்னபோது சரோஜாக்கா சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"பொரட்டாசி மாசத்துல, சோத்து நேரத்துல, கொடலைப் பத்திப் பேசறான் பாரு. ஏங் கண்ணு, அந்தூர்ல நூலே கெடைக்கலையா?"

கிடைத்தது அக்கா, ஆனால் ரொம்ப நாள் கழித்துத்தான் என்றான் ஸ்டான்லி. ஒரு பெரிய உலகச் சண்டை வந்தது. அடிபட்ட சிப்பாய்களுக்குத் தையல் போட ஆஸ்பத்திரிக்கே குடல் நூல் போதவில்லை. கிட்டார்காரர்களுக்கு எங்கே கொடுப்பது? அப்போதுதான் மீன் பிடிக்கிற நைலான் நரம்பை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். நன்றாகவே பேசியது. அவனுடைய கிட்டாரிலும் நைலான்தான்.

எனக்கு அந்தக் கதையில் ரொம்பப் பிடித்தவர் ஒரு ஸ்பெயின் தச்சர். கிட்டாரின் உடம்பைப் பெரிதாக்கி, மேல்பலகைக்கு அடியில் விசிறி மாதிரி மெல்லிய பட்டைகளை ஒட்டி, இன்றைக்கு நாம் பார்க்கிற உருவத்துக்குக் கொண்டுவந்தவர். சத்தமெல்லாம் மேல்பலகையிலிருந்துதான் வருகிறது, முதுகு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் என்று நிரூபிக்க, முதுகையும் பக்கத்தையும் வெறும் காகித அட்டையிலேயே செய்து ஒரு கிட்டார் காட்டினாராம். பழனிச்சாமி அண்ணன் இதைக் கேட்டதும், பம்ப் பேக் செய்கிற அட்டை அடுக்கியிருந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைப் பார்த்து ஸ்டான்லி கிட்டாரை எடுத்துக் கம்பளிக்குள் வைத்துவிட்டான்.

இந்த வேடிக்கைக்கு நடுவில்தான் ஒரு நாள் வால்பாறை பஸ் கண்டக்டர் ஒருவர் கேட்டில் நின்று ஸ்டான்லியைக் கூப்பிட்டு ஊர்ச் சேதி சொல்லிவிட்டுப் போனார். அவன் அப்பாவுக்கு வருகிற மாதத்தோடு வேலை முடிகிறது. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் ஆள் இருந்தால்தான் லயன் வீடு. அப்பாவுக்குப் பதில் பிள்ளை போய்ப் பேர் கொடுத்தால் வீட்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் காலி செய்யவேண்டும். எங்கள் கம்பெனியிலும் அவன் டெம்ப்ரவரிதான். மழைக்காலம் வந்தால் யாரும் மோட்டார் வாங்கமாட்டார்கள், தீபாவளியோடு டெம்ப்ரவரி ஆட்களை நிறுத்திவிடுவார்கள். இங்கே நிலையான ஒரு சம்பாத்தியம் கிடைத்தால் அப்பா அம்மாவைக் கீழே கூட்டிவந்து ஒரு வாடகை வீடு பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அவன் மலை ஏறவேண்டும். கிட்டாரும் ஏறவேண்டியதுதான்.

அவன் இதைச் சொல்லும்போது அழவெல்லாம் இல்லை. "மலையில அட்டைக்கடிதான் அண்ணா எனக்கு ஒத்துக்காது" என்றான், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜைக்குக் கச்சேரி பேச ஒருவர் வந்தார். எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் பூஜையன்று பொரி, கடலை, சுண்டலோடு மத்தியானம் ஒரு ஆர்கெஸ்ட்ராவும் உண்டு. வந்தவர் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ போட்டிருந்தார். வார்னிஷ் சொட்டுகிற எங்கள் செக்‌ஷனை அவர் ஒரு பூனை மாதிரி தாண்டிப் போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. நாங்கள் அவருக்கு வெள்ளை ஷூ அண்ணன் என்றே பேர் வைத்துவிட்டோம். அவருடைய கிட்டார்காரர் துபாய்க்குப் போய்விட்டார், ஆள் தேடுகிறார் என்று ஆபீஸிலிருந்து சேதி வந்தது. சரோஜாக்காதான் ஸ்டான்லியை முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

ஸ்டான்லி திரும்பி வந்து சொன்னது இதுதான். பூஜையன்று மேடையில் ஒரு பாட்டுக்கு வாசிக்கச் சொன்னாராம். நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்கிறாராம். ஆனால் மரக் கிட்டார் அவர்கள் செட்டுக்குக் கேட்காது, கரண்டில் வாசிக்கிற கிட்டார் வேண்டுமாம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"சரிங்கன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேங்கண்ணா."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பழனிச்சாமி அண்ணன் கிட்டாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நீங்கள் எதிர்பார்ப்பதையே சொன்னார்.

கரண்டு கிட்டார் வந்ததற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் பெரிய பேண்டு வாத்தியக் கூட்டத்துக்கு நடுவில் கிட்டாரை யாருக்கும் கேட்கவில்லை. நம்ம கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் என்னைப் பேசச் சொன்ன மாதிரி. அப்போதுதான் கம்பிக்கு அடியில் காந்தத்தை வைத்து, அதைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பியைச் சுற்றி, கம்பியின் ஆட்டத்தைக் கரண்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பினார்கள். ஸ்டான்லி இதைச் சொன்னதும் செக்‌ஷனே சிரித்துவிட்டது. காந்தம், தாமிரக் கம்பி, சுற்று. இது எங்கள் தொழில். உலகத்தில் எங்களைவிட இதற்குப் பொருத்தமான ஆட்கள் யார்?

எங்கள் கம்பெனியில் இருந்ததிலேயே மெல்லிசான கம்பி, மோட்டார் ஸ்டார்ட்டரில் இருக்கிற சின்னக் காயிலுக்கு, அதாவது கம்பிச்சுருளுக்குப் போடுகிற கம்பி. தலைமுடி மாதிரி இருக்கும். சரோஜாக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் உட்கார்ந்து அதைச் சுற்றினார். எவ்வளவு சுற்றவேண்டும் என்று யாருக்கும் தெரியாது, கம்பி தீர்கிற வரைக்கும் சுற்றினார். உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை அரம் போட்டு நான் தேய்த்தேன். காதர் வார்னிஷ் போட்டு அடுப்பில் வைத்து எடுத்தான். சோப்புக் கட்டி அளவில் அழகாக ஒன்று தயாரானது. கிட்டாரின் ஓட்டைக்குள் அதைப் பொருத்தி, பூஜைக்கு வைத்திருந்த மைக்செட்டில் ஒயரைச் சொருகி, எல்லோரும் சுற்றி நின்றோம். ஸ்டான்லி வாசித்தான்.

ஒன்றும் கேட்கவில்லை. ம்ம்ம் என்று ஒரு இரைச்சல் மட்டும்.

பழனிச்சாமி அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் காயிலைத் தொட்டார். ஸ்பீக்கரில் டொக்கென்று இடி விழுந்தது. லேத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காயில் உயிரோடுதான் இருந்தது. மறுபடி வாசித்தான், மறுபடி இரைச்சல்தான். ஒயரை மாற்றினோம், மைக்செட்டைத் தட்டினோம், காதர் ஊதிப் பார்த்தான். கடைசியில் சரோஜாக்கா தன் சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் காந்தத்தில் ஒட்டவைத்துவிட்டு, விரலால் ஒரு கம்பியைச் சுண்டினார்.

"ஏனுங் போர்மேன், இது நைலானு. இது எப்புடீங்க காந்தத்துல ஒட்டும்?"

காந்தத்தோடு தினம் குடித்தனம் நடத்துகிற ஒரு செக்‌ஷன் முழுக்கத் தரையைப் பார்த்தது. அடிக் கம்பிகளுக்கு மேலே உலோகம் சுற்றியிருந்தது, ஆனால் அதுவும் தாமிர வகை. காந்தம் அதைச் சட்டை பண்ணாது என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்?

காதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒப்பணக்கார வீதிப் பக்கம் போய் ஸ்டீல் கம்பி வாங்கி வந்தான். அதைப் போட்டு இழுத்ததும் சத்தம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு சத்தம். அந்த டாக்டரம்மா கேட்டிருந்தால் கிட்டாரைத் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பார். நாங்கள் கை தட்டினோம். ஆனால் மறுநாள் காலையில் ஸ்டான்லி கம்பளியைப் பிரித்தபோது, கிட்டாரின் மேல்பலகை சாப்பாடு அதிகமான வயிறு மாதிரி உப்பியிருந்தது. கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிற மரத்துண்டு, பிரிட்ஜ் என்பார்கள், அது ஒரு ஓரமாக எழும்பியிருந்தது. உள்ளே ஒரு தாள் நுழையும்.

பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஸ்டீல் கம்பி நைலானைப்போல ரெண்டு மடங்கு இழுக்குமாம். அமெரிக்காக்காரர்கள் ஸ்டீல் கம்பி போடுவதற்காகவே உள்ளே பட்டைகளைக் குறுக்கே மாற்றி வைத்து, உடம்பைத் திடமாக்கி, அதற்குப் பல தலைமுறை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நிதானமாகச் செய்ததை நாங்கள் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் செய்தோம்.

ஸ்டான்லி கம்பியைத் தளர்த்தி வைத்துவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பழனிச்சாமி அண்ணன் ரெண்டு டியூப் பசையைக் கலந்து பிரிட்ஜுக்கு அடியில் விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கினார். பூஜைக்கு இன்னும் ரெண்டு நாள்தான். பசை நன்றாக இறுகவேண்டும். இங்கேதான் நாங்கள் நாங்களாகவே நடந்துகொண்டோம். எங்கள் செக்‌ஷனில் எது ஒட்டினாலும், எது முக்கினாலும், அடுத்தது அடுப்பு. வேறு மாதிரி யோசிக்க எங்களுக்குப் பழக்கமில்லை. காதர் சூட்டைப் பாதிக்குக் குறைத்து வைத்தான், அது எங்கள் அக்கறை. ஏழு மோட்டார்களுக்கு நடுவில் கிட்டாரை நிற்கவைத்துக் கதவைச் சாத்தினோம்.

"மரமுங்கண்ணா" என்று ஸ்டான்லி ஒரு தடவை சொன்னான்.

"சூடு பட்டாத்தான் தம்பி புடிக்கும். ஒண்ணும் ஆவாது" என்றார் போர்மேன்.

வெளியே எடுத்தபோது கிட்டார் பளபளவென்று இருந்தது. மோட்டார் வாசம் அடித்தது. பிரிட்ஜ் அசையவில்லை. உள்ளே பழைய பசை எல்லாம் சூட்டில் இளகிப்போனது வெளியே தெரியுமா என்ன?

ஆயுத பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்திப்பூ. கேட்டுக்கு ரெண்டு பக்கமும் வாழைமரம். லேத்து, டிரில்லிங் மெஷின், முதலாளி கார், வாட்ச்மேன் டார்ச் லைட், எல்லாவற்றுக்கும் பொட்டு. கிட்டாருக்கும் காதரே கேட்டு வாங்கிச் சந்தனம் வைத்தான். எங்கள் கம்பெனியில் பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது, விஜயதசமி காலையில்தான் எடுக்கவேண்டும். அதனால் கிட்டாருக்குப் பொட்டு மட்டும்தான், பூஜையில் வைக்கவில்லை. கச்சேரிக்கு வேண்டுமே.

முற்றத்தில் மேடை. முதலாளி வீட்டுப் பெண்கள் முன் வரிசையில் சேரில், நாங்கள் பொரிப் பொட்டலத்தோடு தரையில். அஞ்சாவது பாட்டுக்கு ஸ்டான்லியைக் கூப்பிட்டார்கள். கடன் வாங்கிய பேன்ட் அவனுக்குக் கரண்டைக்காலுக்கு மேலே நின்றது. வெள்ளை ஷூ அண்ணன் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டி, இந்தச் சுதிக்கு ஏற்று என்று சைகை காட்டினார். அதுவரைக்கும் ஸ்டான்லி பயந்து கம்பியைத் தளர்வாகவே வைத்திருந்தான். இப்போது முறுக்கினான். இன்னும் என்று சைகை. இன்னும் முறுக்கினான். என் பக்கத்தில் சரோஜாக்கா பொரியை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் ரெண்டு வரிக்கு அவன் வாசித்தான், நன்றாகவே கேட்டது. நாங்கள் சுற்றிய காயில் பேசுகிறது என்று பழனிச்சாமி அண்ணன் முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரியில் படாரென்று ஒரு வெடி. தீபாவளி முன்னாலேயே வந்துவிட்டதோ என்று பின்னால் ஒருவர் சிரித்தார். பிரிட்ஜ் மேல்பலகையில் ஒரு சில்லையும் பிய்த்துக்கொண்டு, ஆறு கம்பியோடும் பறந்து, ஸ்டான்லி முகத்துக்குப் பக்கத்தில் ஆடியது. காயில் மட்டும் அசையாமல் இருந்தது. அடுப்பில் வைத்ததிலேயே அது ஒன்றுதான் சரியாக வெந்திருந்தது.

பாட்டு நின்றுவிட்டது. ஸ்டான்லி கிட்டாரை மார்போடு பிடித்துக்கொண்டு, இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றான். துருக்கிப் பாறையில் நிற்கிறவன் மாதிரியே. அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவனுக்குள் பஸ் மலை ஏறிக்கொண்டிருந்திருக்கும்.

வெள்ளை ஷூ அண்ணன் கிட்டே போய் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். காயிலைப் பார்த்தார். மோந்து பார்த்தார். மைக் ஆனில் இருந்ததால் அவர் கேட்டது முற்றத்துக்கே கேட்டது.

"என்னப்பா இது, மோட்டாரா?"

"கரண்டு கிட்டார் வேணும்னு சொன்னீங்களேங்க."

"அட, என்ற வேன்ல ஒண்ணு சும்மாதானே கெடக்குது. துபாய்க்காரன் வாசிச்சது. கேட்டிருந்தா குடுத்திருப்பனே தம்பி."

முற்றம் முழுக்கச் சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. மூன்று வாரமாகக் காந்தம் தேய்த்தோம், கம்பி சுற்றினோம், அடுப்பு மூட்டினோம். உங்களிடம் ஒன்று இருக்கிறதா என்று கேட்கலாம் என்று எங்கள் ஒருத்தருக்கும், சத்தியமாக ஒருத்தருக்கும், தோன்றவில்லை. கேட்பதைவிடச் செய்துவிடுவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

வேனிலிருந்து ஒரு சிவப்புக் கிட்டார் வந்தது. வயிறே இல்லாத, முழு மரக்கட்டையில் செய்தது. இனிமேல் சத்தத்துக்கு வயிறு எதற்கு என்று அந்த ஸ்பெயின் தச்சரின் பலகையையே தூக்கிப்போட்ட காலத்துச் சரக்கு. ஸ்டான்லியின் விரல் முதலில் தடுமாறியது. கழுத்து மெலிசு, கம்பி நெருக்கம். வெள்ளை ஷூ அண்ணன் கீபோர்டில் அவனுக்காக அதே இடத்தை இன்னொரு தடவை சுற்றி வந்தார். அப்புறம் பிடித்துக்கொண்டான். நான் சங்கீதம் தெரிந்தவன் இல்லை, அதனால் எப்படி வாசித்தான் என்று சொல்லமாட்டேன். ஏரோபிளேன் ஒன்று மேலே போனது, அன்றைக்கு அதுதான் கேட்கவில்லை.

இறங்கும்போது வெள்ளை ஷூ அண்ணன் அவன் தோளில் கை வைத்தார். "நாளைக்குத் தாராபுரத்துல கச்சேரி. காலையில வண்டி எடுக்கறோம், வந்துருங்க" என்றார். சற்று முன்பு வரை தம்பி, வாப்பா, போப்பா. இப்போது வாங்க. அதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

உடைந்த கிட்டாரைச் சரோஜாக்கா கையில் வாங்கிக்கொண்டார். பிரிட்ஜையும் கம்பியையும் சுருட்டி உள்ளே வைத்து, பூஜை மேடையில் ஸ்பேனர்களுக்கும் மைக்ரோமீட்டருக்கும் நடுவில் சாய்த்து வைத்தார். போகிறபோது எடுத்துக்கொள் என்று சொன்னதற்கு, பூஜையில் வைத்ததை எப்படி அக்கா இன்றைக்கே எடுப்பது என்றான் ஸ்டான்லி. அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன். எங்கள் வழக்கத்தை எங்களைவிட நன்றாகக் காப்பாற்றினான்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஆபீஸ் ஒன்று நிற்கிறது, வாசலில் வார்னிஷ் வாசம் இல்லை, காபி வாசம் அடிக்கிறது. ஆயுத பூஜை ஆர்கெஸ்ட்ராக்களும் போய்விட்டன, பென் டிரைவைச் சொருகினால் அத்தனை வாத்தியமும் அதிலேயே இருக்கிறது. பழனிச்சாமி அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். காதர் உக்கடத்தில் இருக்கிறான், பார்த்தால் இன்றைக்கும் கிட்டார் எங்காளுகளுடையது என்பான். ஸ்டான்லி அப்பா அம்மாவைக் கீழே கூட்டிவந்து பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு பார்த்தான். ரொம்ப வருஷம் அந்த வேனில் சுற்றினான், பிறகு வேனும் நின்றது, அவன் எந்த ஊர்ப் பக்கம் போனான் என்று தெரியவில்லை. விசாரித்திருக்கலாம். யாரிடமாவது கேட்கவேண்டுமே.

பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. காலையில் தேங்காய் உடைத்து, அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொண்டோம். ஸ்டான்லி வரவில்லை, தாராபுரம் வண்டி போய்விட்டிருந்தது. பூஜை மேடையில் கிட்டார் மட்டும் இருந்தது. காதர் அதைத் துடைத்து ஆணியில் மாட்டினான். எட்டு மணிக்கு அடுப்பைப் போட்டோம்.